எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு

என் வீட்டுக்காரர் விஜேந்திரனுக்கு எதிலும் அவசரம். வேன் வாங்கப் போன அன்றைக்கும் அப்படித்தான். லுணுகலையில் இராயப்பன் ஐயா வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பத்திரங்களைப் பார்க்கலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள், இவர் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து, வேனை ஒரு முழம் முன்னால் நகர்த்தி நசுக்கிவிட்டார். நல்ல நேரம் ஒன்பதே காலோடு முடிகிறதாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழம் நசுங்கிவிட்டால் வண்டி நம்முடையது. கையெழுத்தெல்லாம் அதற்குப் பிறகு சாவகாசமாக நடக்கும். நசுக்கிய பிறகு வேண்டாம் என்று சொன்னவர் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“பேப்பரப் பாக்காம என்னா அவசரம் ஒங்களுக்கு?” என்று பல்லைக் கடித்தேன்.

“ஐயாவப் பத்தி லுணுகலையில யாரக் கேட்டாலும் நல்லாச் சொல்லுவாங்க. நீ சும்மா இரு தனுஜா.”

நல்ல மனிதர் என்பது உண்மைதான். இரண்டு வருடமாக அந்த வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். கண்ணில் பூ விழுந்து, இனிமேல் பிள்ளைகளை வைத்து ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொன்னதால்தான் விற்கிறார். ஆனால் நான் பதினான்கு வருடம் கொழுந்து பறிக்கிறவள். கணக்கப்பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தராசில் எத்தனை கிலோ நிற்கிறது என்று பார்க்காமல் இடத்தை விட்டு நகர மாட்டேன். மனுசன் நல்லவரா என்பது வேறு, நிறுவை சரியா என்பது வேறு.

இந்த வேன் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து மடுல்சீமைப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து கிலோமீட்டர். காலையில் வருகிற ஒரே பஸ்ஸும் மழை பெய்தால் வராது. பதினாறு பிள்ளைகள் நடக்கிறார்கள். வருகிற தை மாதம் என் மகள் மதுஷாவும் ஒன்றாம் ஆண்டுக்குப் போகவேண்டும். இவர் கொழும்பில் கடை வேன் ஓட்டிய வேலையை விட்டுவிட்டு வந்ததே அந்தப் பதினாறு பேரையும் ஏற்றத்தான். அந்த ரோட்டில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வண்டி சரியில்லாவிட்டால் போவது இரும்பு மட்டுமல்ல.

“பாக்கட்டும் தம்பி, பாக்கட்டும். பாக்காம வாங்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு இராயப்பன் ஐயா உள்ளே போய் ஒரு பைலை எடுத்துவந்தார். வண்டிப் புத்தகம், இன்சூரன்ஸ், வரி லைசன், கடைசியாகப் புகை டெஸ்ட் சீட்டுகள். “எல்லா வருசத்துச் சீட்டும் இருக்கும்மா. நான் வாங்குறப்ப தரகர் இதக் காட்டித்தான் குடுத்தாரு. பதுளையில ஒரு டீச்சர் வச்சிருந்த வண்டியாம். அதிகம் ஓடலன்னாரு.”

புகை டெஸ்ட் எடுக்காமல் வரி லைசன் புதுப்பிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு சீட்டு வந்துவிடும். அதில் தேதி இருக்கும், அன்றைக்கு மீட்டர் காட்டிய கிலோமீட்டரும் இருக்கும். வரிசையாக அடுக்கினால் வண்டி எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். இதை எனக்குச் சொன்னது தோட்டத்து லொறி டிரைவர். நான் நிலத்தில் உட்கார்ந்து சீட்டுகளைப் பரப்பினேன்.

ஐயா தன் இரண்டு வருடத்தில் எடுத்த சீட்டுகள் இரண்டும் அசல். அதற்கு முந்தியவை எல்லாம் போட்டோகொப்பி. கொப்பிகளில் வண்டி ஒரு வருடம் பத்தாயிரம் ஓடியிருந்தது, அடுத்த வருடமும் பத்தாயிரம், அதற்கடுத்த வருடமும் அதே பத்தாயிரம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மலையில் ஒருத்தி தினமும் சரியாகப் பதினெட்டுக் கிலோ பறித்தாள் என்று எழுதியிருந்தால், அது கொழுந்து நிறுத்த கணக்கு இல்லை, மேசையில் உட்கார்ந்து எழுதிய கணக்கு.

“என்னா சிரிக்கிற?” என்றார் இவர், நசுங்கிய பழத்தைக் காலால் ஒதுக்கிக்கொண்டே.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுச் சீட்டு கையில் இருந்தது. ஏப்ரல் பதினொன்று, பதுளை. காலை பத்து இருபத்தைந்துக்கு வண்டியைப் பரிசோதித்ததாகப் போட்டிருந்தது.

“மதுஷா அப்பா, ஒங்க மகளோட பொறந்த நாள் என்னா?”

“ஏப்ரல் பதினொண்ணு. அதுக்கென்னா இப்ப?”

“எந்த வருசம்?”

“ரெண்டாயிரத்து இருப...” என்று தொடங்கியவர் என் கையிலிருந்த சீட்டைக் குனிந்து பார்த்தார். கொரோனா ஊரடங்கு. புதுவருடத்துக்கு மூன்று நாள் முன்பு. இடுப்பு வலி எடுத்த என்னை, ஊரடங்குப் பாஸ் வாங்கிய தோட்டத்துக் கொழுந்து லொறியில் படங்குத் துணியை விரித்துப் படுக்கவைத்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள். வழியில் ஏழு இடத்தில் பொலிஸ் மறித்தது. பதுளை டவுனில் அன்றைக்குத் திறந்த கதவு ஒன்றுகூட இல்லை. ஒரு சோடா வாங்க இவர் ஒரு மணி நேரம் அலைந்து வெறுங்கையோடு வந்தார்.

“அன்னிக்குப் பதுளை ரோட்டுல நாயக்கூடக் காணோம். இந்த வேனுக்கு மட்டும் யாரு பொகை டெஸ்ட் பண்ணுனா?” என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. ஏமாற்றுக்காரனைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம். இராயப்பன் ஐயாவை நாலு வார்த்தை கேட்கத் தயாராகத் திரும்பினேன்.

அவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இத நான் பாக்கலையேம்மா” என்றார். “கட்டு கட்டா இருக்கேன்னு நம்பிட்டேன்.” பிறகு இவர் பக்கம் திரும்பினார். “தம்பி, றில்வான் கராஜுக்கு விடுங்க. இப்பவே.”

நான் வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு, சீட்டுகளைப் பொறுக்கிப் பைலில் போட்டேன்.

கராஜ் பக்கத்துத் தெருவில்தான், ஐயாவும் கூடவே வந்தார். றில்வான் வேனைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். நடுவில் ஓரிடத்தில் சத்தம் மாறியது. கறுப்புப் பூச்சைச் சுரண்டினான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் வெல்டிங் கோடு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான், அது உள்ளே போய்விட்டது.

“ராயப்பண்ணே, இது ஒரு வேன் இல்ல” என்றான் அடியிலிருந்து. “முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு. அடிபட்ட ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டியிருக்கானுக. ஒட்டுன எடமும் துருப்பிடிச்சு உக்கிப்போச்சு.”

இவர் மெதுவாக என் பக்கம் வந்தார். “பழம் நசுக்கிட்டோம் தனுஜா. பதுளையில நல்ல மெக்கானிக்கிட்டக் குடுத்து வெல்டிங் அடிச்சிக்கலாமா?”

“சாமி கோவிச்சிக்கிட்டா நான் பேசிக்கிறேன். பதினாறு புள்ளைங்களோட அம்மாமாருகிட்ட நீங்க பேசுவீங்களா?”

கையிலிருந்த சாவியைத் திரும்ப ஐயாவிடம் கொடுத்தார். பாவம், சொந்த வேன் ஓட்டும் ஆசை இவருக்கு.

அந்த நேரம் பார்த்து ஐயாவின் போன் அடித்தது. பசறையிலிருந்து ஒருவர், முன்பே வேனைப் பார்த்துவிட்டுப் போனவராம். கண் மங்கலானதிலிருந்து ஐயா போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம். ஐயா ஒன்றையும் மறைக்கவில்லை. கள்ளச் சீட்டு, வெட்டி ஒட்டியது, உக்கியது எல்லாவற்றையும் சொன்னார்.

“பரவால்லங்க” என்றது போன். “கொஞ்சம் கொறச்சிக் குடுங்க. நாங்க பாத்துக்கிறோம். ஸ்கூல் புள்ளைங்கள ஏத்தத்தானே, மெதுவாத்தான் ஓட்டுவோம்.”

இந்த வேன் போனால் ஐயாவுக்கு வேறு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். கண் ஒப்பரேசனுக்கே இதைத்தான் நம்பியிருந்தார். என்ன சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

“இது இனி ரோட்டுல போகாதுங்க” என்றார் ஐயா. போனை வைத்துவிட்டு றில்வானிடம் சொன்னார். “ஒட்டுன எடத்துலேயே வெட்டிரு. எஞ்சினத் தனியா வித்துக்குடு. வண்டியா யாருக்கும் குடுக்காத.”

றில்வான் கட்டரை எடுக்க உள்ளே போனான்.

ஐயா பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. விரலை மடக்கி எதையோ எண்ணத் தொடங்கினார். முதலில் எனக்குப் புரியவில்லை.

“சந்தியில நிஷாலினியும் தம்பியும் ஏறுவாங்க. பள்ளிவாசல்கிட்ட றிப்தா, ஷிப்னா. பாலத்துல அந்தச் சின்னவன், எப்பவும் முன் சீட்டுத்தான் கேப்பான்...” ஒவ்வொரு தரிப்பிடமாகப் போனார். யார் எங்கே ஏறினார்கள், யார் தூங்குவார்கள், யாருக்கு வளைவில் வாந்தி வரும் என்று எல்லாம் ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு வருடம், போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

“பத்தொன்பது பேரும்மா” என்றார் கடைசியில். கண்ணீர் தாடியில் இறங்கியது. “ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகலதானே? நல்லாத்தானே எறக்கிவிட்டேன்?”

காலையில் அவரோடு சண்டை போடத் தயாராக நின்றவள் நான். இப்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆமாங்க ஐயா” என்றேன். “எல்லாரும் வீட்டுக்குப் போய்ட்டாங்க.”