கருடனுக்குத் தண்ணீர்

அத்தை, என் மாமியார், வீட்டில் இல்லாமல் இருந்தது சரியாக முப்பத்தெட்டு நாள். 2006 பிப்ரவரி இருபத்தேழாம் தேதி போனார், ஏப்ரல் ஆறாம் தேதி திரும்பினார்.

உப்பளத்தில் வெறுங்காலோடு நடந்ததில் கால் விரலில் ஒரு கீறல். சுகர் இருந்ததால் அது ஆறாமல் கறுத்துவிட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வந்தது. என் கணவர் சிவஞானம் அத்தையைத் தூக்கி உட்காரவைத்தார். அத்தை உள்ளேயிருந்தபடியே வாசல் நிலையைக் காட்டி, மாமாவுக்கும் எனக்கும் பொதுவாகச் சொன்னார்.

"கருடன பாத்துக்குங்க. அது வாடலன்னா நானும் வாடாம வந்துடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமா சிரிக்கவில்லை.

கருடன் என்றால் ஆகாச கருடன் கிழங்கு. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கறுப்புக் கயிற்றில் கட்டி நிலைக்கு உள்பக்கம் தொங்கவிட்டிருந்தார் அத்தை. அதற்கு மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தொங்கியபடியே கொடி விடும். வீட்டுக்கு வருகிற கெடுதலைத் தான் வாங்கிக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு தனக்குள் சேர்த்துவைத்த ஈரத்திலும் மாவிலும்தான் துளிர்க்கிறது என்று தாவரவியல் படித்த எனக்குத் தெரியும். அதை அந்த வீட்டில் நான் சொன்னதில்லை. பொதுவாகவே எதையும் சொன்னதில்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மாமா, கண்ணாயிரம், உப்பளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குரல் கொடுப்பவர். வீட்டுக்குள் என்னைப் பார்த்தால் தொண்டையைச் செருமுவார். "சாப்பாடு ஆச்சான்னு கேளு" என்று அத்தையிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். "ஆச்சுன்னு சொல்லுங்க அத்த" என்பேன். "நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று அத்தை கேட்பார்.

போஸ்ட் ஆபீஸ் போனபிறகு வீட்டில் செருமலும் தட்டுச் சத்தமும் மட்டும் இருந்தன. கணவர் அத்தையோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். விடியும் முன் மாமா உப்பளத்துக்குப் போவார். சாயங்காலம் வந்ததும் தலைத்துண்டை அவிழ்க்குமுன் கருடனை அண்ணாந்து பார்ப்பார். பிறகுதான் கால் கழுவுவார்.

என்னிடமும் காற்றில் வளரும் செடி ஒன்று இருந்தது. ஆரோவில்லில் ஒரு நர்சரியில் வேலை செய்யும் என் தோழி செந்தமிழ் கல்யாணத்துக்குக் கொடுத்தது. சின்ன வெங்காயம் அளவு, சாம்பல் நிற இலைகள், வேருக்கு வேலையே இல்லை. ஒரு சவுக்குத் துண்டில் கம்பியால் கட்டி, சமையலறை ஜன்னலில், மணி பிளான்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இந்தச் செடி காற்றில் வளர்ந்தாலும் தண்ணீரை இலைகளால் குடிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை கிண்ணத்தில் இருபது நிமிடம் மூழ்கவைக்க வேண்டும். பிறகு தலைகீழாக உதறி, விசிறிக் காயவைக்க வேண்டும். குருத்தில் ஈரம் தங்கினால் அழுகிவிடும். எங்கள் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. அதை ஊற்றினால் இலையில் உப்புப் பூத்துவிடும். அதனால் மழைத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வைத்திருந்தேன்.

அத்தை அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார். "துரைக்கு மழைத் தண்ணிதான் வேணுமாம். குளிச்சிட்டு விசிறி வேற கேக்குறாரு" என்பார். நான் விசிறும்போது மாமா காபியோடு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை.

பதினாறாம் நாள் காலை, நிலைப்படியைத் துடைக்கக் குனிந்தபோது என் பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கருடனின் அடியில் இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டேன். மேல் தோல் சரியாக இருந்தது. விரல் உள்ளே போயிற்று.

கழற்றிக் கத்தியால் பிளந்தேன். உள்ளே முழுக்கப் பழுப்புக் கூழ். வறண்டு சாகவில்லை, தண்ணீரால் செத்திருக்கிறது. தண்ணீரே காட்டாத கிழங்குக்குள் அது எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேனில் மழைத் தண்ணீர் என் கணக்கைவிடக் குறைந்துவந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்குக் கணவரின் போன். அன்று மதியம் இரண்டு விரல்களை எடுக்கப்போகிறார்களாம், அதோடு நின்றால் நல்லது என்கிறார்களாம். மாமாவுக்குச் சொல்லியாயிற்று, அவர் உப்பளத்திலிருந்தே நேராகப் புறப்பட்டுவிட்டார், நாளைக்குத்தான் திரும்புவார் என்றார். நல்லவேளை வீட்டுக்கு வந்துவிட்டுப் போகவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

கஞ்சி காய்ச்சித் தூக்கில் எடுத்துக்கொண்டு நானும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். அத்தை மயக்கத்தில் இருந்தார். மாமா வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்ததும் செருமினார். பிறகு யாரிடமோ கேட்பதுபோல், "கருடன் நல்லாத்தான இருக்குது?" என்றார். அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"இருக்குது மாமா" என்றேன்.

திரும்பும் வழியில் மார்க்கெட் ஓரம் படிகாரமும் எலுமிச்சம்பழமும் விற்கிறவரிடம் கருடன் கிழங்கு இருந்தது. அதே அளவில் ஒன்றைத் தேட அரை மணி நேரம் ஆயிற்று. கிழங்கை இவ்வளவு பொறுக்கி வாங்கின ஆளை நான் பார்த்ததில்லை, பொண்ணு பார்க்க வந்தமாதிரி பார்க்கிறாயே என்றார் அவர். வீட்டுக்கு வந்து பழைய கயிற்றிலேயே கட்டி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து மாட்டினேன்.

மறுநாள் மாலை மாமா வந்தார். அண்ணாந்து பார்த்தார். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் விடியலில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். மாமா ஸ்டூலில் நின்றிருந்தார். இரண்டு கையாலும் என் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, கருடன் அதில் மூழ்கும்படி வைத்திருந்தார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். கை நடுங்கியும் இறக்கவில்லை. பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கிழங்குக்கு விசிறினார்.

துரைக்கு நான் செய்வது எதையும் அவர் விடவில்லை.

அழுகவைத்தது நான்தான் என்று அப்போது தெரிந்தது. இனி சும்மா இருந்தால் இதுவும் அழுகும். ஆனால் அந்தக் கையைப் பார்த்தபிறகு, உங்களால்தான் கெடும் என்று எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் தட்டு வைக்கும்போது ஒரே மூச்சில் சொன்னேன். "அத்த போன் பண்ணாங்க. கருடனுக்குத் தண்ணியே காட்ட வேணாமாம்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நான் ஊத்துறது அவளுக்கு எப்படித் தெரியும்?"

நான் ரசம் எடுக்கத் திரும்பினேன். அவரே பதில் சொல்லிக்கொண்டார். "அவளுக்குத் தெரியாம இந்த வீட்ல என்ன நடக்குது."

அதன்பின் ஸ்டூல் அசையவில்லை. கருடன் முளை விட்டு, முளை கொடியாகி, நிலையைத் தாண்டி எட்டிப் பார்த்தது. மாமா தினமும் அதைச் சாணால் அளந்து எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் துரையும் நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தார்.

முப்பத்தெட்டாம் நாள் அத்தை கணவரின் தோளைப் பிடித்தபடி படியேறினார். இளைத்திருந்தார். நிலையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னைவிட இவன் தேறிட்டானே" என்றார்.

"நீ சொன்னதுக்கப்புறம் தண்ணியே காட்டல" என்றார் மாமா பெருமையாக.

"நான் எப்ப சொன்னேன்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். பிறகு அத்தையின் பார்வை மறுபடி மேலே போயிற்று. கயிறு அவருடையது. முடிச்சு என்னுடையது. அந்த முடிச்சையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்லியிருப்பேன். மருந்து மயக்கத்துல என்னென்னவோ பேசினேன்" என்றார். என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

தப்பித்துவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமா கற்பூரம் ஏற்றிக் கருடனுக்குக் காட்டி, அத்தையிடம் சொன்னார்.

"வெரல் எடுத்துட்டு வந்து பாத்தப்பக்கூட இது கிண்ணுனு இருந்துது. அதப் பாத்துதான் எனக்கு உசுரே வந்துது. இது இருக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆவாது, ஞானாம்பா."

கிழங்கு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு. எல்லாக் கிழங்கும் ஒருநாள் வற்றும். அன்றைக்கு இவர் மறுபடி ஸ்டூலில் ஏறி, நடுங்கும் கையோடு நிற்பார்.

"மாமா" என்றேன். அத்தை வழியாக இல்லை.

அவர் கற்பூரத் தட்டோடு திரும்பினார்.

"அத்த கட்டின கருடன் பதினாறாம் நாளே அழுகிடுச்சு மாமா. வெரல் எடுத்த அன்னிக்கே. இது நான் பாண்டிச்சேரில வாங்கினது. அது போயிடுச்சு. அத்த வந்துட்டாங்க."