காப்பு நாளில் போன படகு

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் மீன் குத்தகை எனக்கு. என் படகுக்கு இன்சூரன்ஸ் போட்ட ஏஜெண்டு, எது நடந்தாலும் பணம் வரும் என்று சொன்னான். நான் நம்பவில்லை. ஊர் நம்பியது. அந்தத் தைரியத்தில்தான் தெப்பத் திருவிழாவுக்கு அம்மனை ஏற்ற என் படகைக் கேட்டார்கள். அம்மனோடு மேளக்காரர்களும் ஏறினார்கள். மதகுக் கல்லில் மோதிப் படகின் அடி பிளந்துவிட்டது.

திருவண்ணாமலை இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கோயில் தர்மகர்த்தா ராஜமாணிக்கமும் கூடவே வந்தார். அங்கிருந்த பெண் பாலிசியைப் புரட்டினாள்.

"மீன் புடிக்கப் போனாத்தாங்க இது செல்லும். சாமி, ஆளுங்கள ஏத்தினா வராது. அன்னைக்கு எதுக்குப் போச்சு?"

"வலை போடப் போனேன்னு சொல்லுய்யா" என்று ராஜமாணிக்கம் காதைக் கடித்தார்.

திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், அது முடியும்வரை எங்கள் ஏரியில் யாரும் வலை போடக் கூடாது. போட்டவனுக்குக் கோயில் குத்தகை விடாது.

"சாமிய ஏத்தினு போச்சும்மா" என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

படி இறங்கும்போது ராஜமாணிக்கம், "வர்ற பணத்த நீயே கெடுத்துக்கினியே" என்றார்.

"காப்பு நாள்ல வலை போட்டேன்னு நானே கையெழுத்துப் போட்டா, குத்தகைய என்கிட்ட வுட்டு வெப்பீங்களா?"

"நான் இருக்கேன்யா."

"உங்க மச்சான் அதே குத்தகைய ரொம்ப நாளா கேட்டுனு இருக்கான்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டைத் தனித்தனியாகத்தான் எடுத்தோம்.