ஒன்பது முள் லேப்டாப்

"அக்கா, நீங்க கேட்ட மாதிரி பழைய லேப்டாப் ஒண்ணு வந்திருக்கு. பின்னாடி ஒன்பது முள்ளும் இருக்கு. எண்ணிப் பாத்துட்டுத்தான் போன் பண்றேன்" என்றான் ரிப்பேர் கடைக்காரன். தெருவில் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர்.

தையல்காரி மடித்துத் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அவள் வீட்டில் ஒரு எம்ப்ராய்டரி மெஷின் இரண்டு வருடமாகப் போர்வைக்குள் கிடந்தது. சட்டைப் பைகளில் பள்ளிக்கூட முத்திரை, கம்பெனி முத்திரை போடும் மெஷின். லேப்டாப்பிலிருந்து படம் வந்தால்தான் அது ஊசியை இறக்கும். அதன் கேபிளோ பழைய காலத்து ஒன்பது முள் இணைப்புக்குத்தான் பொருந்தும். இப்போது வரும் லேப்டாப் எதிலும் அது இல்லை.

முன்பு மெஷினை அவளும் லேப்டாப்பை அவளுக்கு இளைய ஓரகத்தியும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைகளில் இலை சிவப்பாகவும் பூ பச்சையாகவும் விழுந்த நாளோடு அது முடிந்தது. அக்காதான் நூல்கண்டை மாற்றி வைத்தாள் என்றாள் இளையவள். படத்தில் வரிசையை மாற்றியதே அவள்தான் என்றாள் மூத்தவள். அவர்கள் புருஷன்மாரான அண்ணனும் தம்பியும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெஷின் மூத்தவளிடம் நின்றது. இளையவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போனாள். ஆளுக்குப் பாதி, எந்தப் பாதியும் எதற்கும் உதவாது.

போன வாரம் ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர், நர்ஸ் கோட்டுகளுக்கு முத்திரை போட வேண்டும் என்று மூத்தவளைத் தேடி வந்தார். "மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுது சார்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கும்பிடும்போதெல்லாம் ஒரே வேண்டுதல். ஒரு வழி காட்டு.

கடை மேசையில் சாம்பல் நிறத்தில், செங்கல் கனத்தில் அது இருந்தது. மூடியைத் திறந்தாள். ஒரு பட்டனில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி. இளையவள் அவசரத்தில் தடுமாறக்கூடாது என்று மூத்தவளே ஒரு நாள் வைத்த புள்ளி.

"யாரு குடுத்தது?"

"யாரா இருந்தா என்னக்கா? அடிமாட்டு விலைக்குத் தரேன்."

"யாருன்னு கேட்டேன்."

ஸ்க்ரூ கூரையைப் பார்த்தான். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஏன் சொல்லுவா? வித்துத் திங்கிற நிலைமை வந்துடுச்சுன்னு எனக்குத் தெரியக் கூடாதில்ல!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்னே எப்படி?"

வாக்குக் கொடுத்தவன் பிளக்கைச் செருகினான். திரையில் இளையவளின் மகள், முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்தாள். மூத்தவள் கையில் சோறு தின்று வளர்ந்த குழந்தை. பார்த்து இரண்டு வருடம். நெஞ்சு ஒரு கணம் இளகியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

புருஷனுக்குப் போன் போட்டாள். "வாங்கட்டுமா, வேண்டாமா? உங்க தம்பி பொண்டாட்டியோடது."

"வாங்கு. வாங்கிட்டு, போய் ஒரு வார்த்தை பேசிடு."

அவள் போனை வைத்துவிட்டாள். வாங்கினால், இளையவள் கழித்துப் போட்டதைப் பொறுக்குவது போல. வாங்காவிட்டால், கண் பூக்கிற வரைக்கும் அடுத்தவர் கால்சட்டைக்கு மடிப்புத் தைக்க வேண்டியதுதான். வழி கேட்டவளுக்கு வழி வந்திருந்தது. வந்த வாசல்தான் பிடிக்கவில்லை. கடைப் படிவரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள்.

"சரி, எடுத்துக்கறேன். ஆனா அவ வெச்சது ஒரு பொட்டு கூட இதுல இருக்கக் கூடாது. சுத்தமா அழிச்சுக் குடு."

"எல்லாத்தையுமா? உள்ள ஏதோ புரோகிராம் இருக்குக்கா. தேவைப்பட்டா..."

"எனக்கு அந்த முள்ளு போதும். நீ அழி."

ஊசியும் நூலும் அவளுக்கு அத்துப்படி. படம் எப்படித் தையலாகிறது என்று இளையவளிடம் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து போர்வையை விலக்கிக் கேபிளைச் செருகினாள். கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்டோர்காரர் கொடுத்த படத்தைத் திறந்து, தெரிந்த பட்டனையெல்லாம் அழுத்தினாள். மெஷினில் பச்சை விளக்கு காத்துக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூவைப் போனில் கூப்பிட்டாள்.

"படத்தைத் தையலா மாத்துற புரோகிராம்கா அது. அதைத்தான் சொல்ல வந்தேன். அவங்ககிட்ட சிடி இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கதவைத் திறந்த இளையவள் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வந்துட்டீங்களாக்கா! மெஷின் ஓடுச்சா?"

மூத்தவள் பையை மற்றொரு கைக்கு மாற்றினாள்.

"ஸ்டோர்காரர் முதல்ல என்கிட்டதான் வந்தார். நான்தான் உங்க வீட்டைக் காட்டினேன். நேர்ல குடுத்தா வாங்க மாட்டீங்க, எனக்குத் தெரியாதா உங்களை? அதான் ஸ்க்ரூகிட்ட குடுத்து உங்களைக் கூப்பிடச் சொன்னேன். கோட்டு முத்திரையைக்கூடத் தையலா மாத்தி வெச்சிருந்தேனே, பாத்தீங்களா?"

"அழிக்கச் சொல்லிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும். நீ வெச்சதுன்னு." பையின் பிடியை முறுக்கினாள். "சிடி ஏதாவது இருக்கா?"

"அது எப்பவோ உடைஞ்சு போச்சு. அதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லக்கா." இளையவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "பாப்பா போட்டோவுமா?"

"ம்."

உள்ளே வாருங்கள் என்று இளையவள் சொல்லவில்லை. சொல்லச் சொல்லிக் கேட்க மூத்தவளுக்கும் முகமில்லை. அவள் படியிறங்கினாள். வெளியே தூற ஆரம்பித்திருந்தது.

"நில்லுங்க." இளையவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். பையைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். முடிச்சைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே இது நனைஞ்சா என்ன, நனையாட்டி என்ன?" என்றாள் மூத்தவள்.

"நீங்க தலைய மூடிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு இளையவள் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. கடவுள் அன்றைக்கு மூத்தவளுக்கு விட்டுவைத்தது அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் நின்று அவள் ஸ்டோர்காரருக்குப் போன் செய்தாள்.

"மெஷின் ஓடாது சார். நான் பொய் சொன்னேன். கோட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க."