கழுவி வைத்த கத்தி

ராக்கன் தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் மறப்பான், கத்திக்கு வைக்க மறக்கமாட்டான். அது உலகச் சண்டைக் காலம். விளக்குக்கே எண்ணெய் கிடைக்காமல் ஊர் பொழுதோடு படுத்துக்கொண்டிருந்தது. அப்போதும் அவன் ஒரு கொட்டாங்கச்சியில் வேப்பெண்ணெயைப் பதுக்கி வைத்திருந்தான். சாயங்காலமானால் மடக்குக்கத்தியை விரித்து, மூட்டுக்குள் ஒரு சொட்டு விட்டு, அலகைத் துணியால் துடைத்து, மரப்பிடியைத் தொடையில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவான்.

"எந்தலை பரட்டையாக் கெடக்கு. ஒங்க மூத்த சம்சாரத்துக்கு மட்டும் எண்ணெ வச்சு சிங்காரிங்க" என்பாள் அவன் பெண்டாட்டி முனியாயி.

"ஒன்னைய மாதிரி அது வாயாடாதுல்ல" என்பான் அவன்.

வெறும் பித்து என்று அதைத் தள்ளிவிட முடியாது. நுகத்தடியோடு மாட்டின் கழுத்தைச் சேர்த்துக் கட்டுகிற பூட்டாங்கயிறு, வண்டி சாய்ந்தால் சுருக்காக இறுகிவிடும். அந்த நேரத்தில் முடிச்சை அவிழ்க்க யாராலும் ஆகாது, அறுத்துவிட வேண்டும். அதற்குத்தான் வண்டிக்காரன் மடியில் கத்தி. புதுக்கோட்டைச் சந்தையில் அதை விற்றவன் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினான்: "தண்ணி மட்டும் காட்டாதீங்க. மரம் ஊதிக்கிரும், அலகு வெளிய வராது."

ராக்கன் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மழை வந்தால் தன் தலையை நனையவிட்டுக் கத்தியைத் துண்டில் சுற்றி வைப்பான். ஆயுதபூசைக்கு மண்வெட்டி, அரிவாள், கலப்பைக் கொழு எல்லாம் குளித்துவிட்டு வரும். ராக்கனின் கத்தி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து உட்காரும். ஒரு பொட்டுக் குங்குமத்தோடு சாமியும் அதைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வருசம்தான் அவனுக்குப் பயம் பிடித்தது. மழை பொய்த்து, திருவரங்குளத்துப் பக்கத்துக் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. கோமாரி வந்து தெருவில் பாதித் தொழுவம் காலி. இவனுடைய மயிலையும் செவலையும் மட்டும் தப்பி நின்றன. மயிலை, தாய் செத்த கன்றாக வந்து இவன் கையால் கஞ்சி குடித்து வளர்ந்த காளை. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. இவ்வளவு காப்பாற்றிக் கொடுத்த சாமி முன்னால் அழுக்குக் கத்தியை வைப்பதா? பூசையன்று யாரும் சொல்லாமல் தானே உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர்ச் சட்டியில் அரிவாளோடு கத்தியையும் ஊறப்போட்டான். பிறகு எடுத்துத் துடைத்து, மடக்கி, பிடி முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து அப்பினான்.

"தண்ணி ஆகாதும்பீங்களே?" என்றாள் முனியாயி.

"சாமிக்கு முன்னாடி என்னாடி ஆகாதது?"

மறுநாள் காலையில் கத்தியை எடுத்து மடியில் சொருகினான். விரித்துப் பார்க்கவில்லை. பூசையில் இருந்த கத்தியின் முதல் வெட்டு, கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஐயனாருக்கு அறுக்கும் எலுமிச்சம்பழமாக இருக்க வேண்டும். அதுவரை அலகு வெளியே வரக்கூடாது. அப்பன் காலத்து வழக்கம், அவன் மீறியதில்லை. பழத்தையும் மடியில் போட்டுக்கொண்டு, விறகு பாரத்தோடு புதுக்கோட்டைக்கு வண்டி பூட்டினான்.

ராத்திரி தூறல் போட்டிருந்தது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டு வரவழைத்த தூறல். கரைமேல் களிமண் வழவழவென்று கிடந்தது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலிங்குக்குப் பக்கத்தில் மயிலைக்குப் பின்னங்கால் வழுக்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, சக்கரம் கரையைவிட்டு இறங்கி, நுகத்தடி முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மயிலை சரிவில் தொங்கியது. கயிறு அதன் தொண்டைக்குள் புதைந்தது. செவலை மிரண்டுபோய் மேலே இழுக்க இழுக்க இன்னும் இறுகியது.

ராக்கன் குதித்தான். கத்தியை உருவி, அலகில் இருக்கும் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, அலகு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். வாயெல்லாம் சந்தனம்.

"வந்துரு தாயி, வந்துரு" என்று கத்தியிடம் கெஞ்சினான்.

மயிலையால் கத்தக்கூட முடியவில்லை. நாக்கு வெளியே வந்துவிட்டது. கண் மட்டும் இவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதில் பயமில்லை. இவன்தான் வந்துவிட்டானே, இனி என்ன என்கிற பார்வை. அதுதான் ராக்கனைக் கொன்றது. கத்தியைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் அடித்தான். பிடி விரிந்தது, அலகு அசையவில்லை. அதை வீசிவிட்டு முடிச்சில் விழுந்து பத்து விரலாலும் பிறாண்டினான்.

எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நாகராசு கூப்பாடு கேட்டு ஓடி வந்தான். அவன் கையில் தழை அறுக்கிற அரிவாள். துருப்பிடித்தது, சாணை காணாதது, ஆயுதபூசைக்குக்கூடக் கூரையிலிருந்து இறங்காதது. ஓங்கி இரண்டு இழுப்பு இழுத்தான், கயிறு அறுந்தது. மயிலை உருண்டுபோய் ஈர மண்ணில் விழுந்தது. ராக்கன் அதன் நாக்கை உள்ளே தள்ளினான். விலாவை அமுக்கினான். காதோரம் வாயை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"போயிருச்சுண்ணே" என்றான் நாகராசு. "சித்த முன்னாடி அறுத்துவிட்டிருந்தா பொழச்சிருக்கும். ஒங்க மடியில எப்பவும் கத்தி இருக்குமேண்ணே?"

தன் கையாலேயே பிள்ளையின் கழுத்தை நெரித்துவிட்டது மாதிரி இருந்தது ராக்கனுக்கு.

சேதி போய் முனியாயி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். மயிலையின் மேல் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு நிமிர்ந்து, கரைக்கு அந்தப் பக்கம் ஐயனார் இருக்கிற திசையைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"என்ன கொறை வச்சோம்? ஒனக்கு நாங்க என்ன கொறை வச்சோம்?" என்று கேட்டாள். அங்கிருந்து பதில் வராமல் புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் சொல்லுங்க. என்ன கொறை வச்சோம்?"

ராக்கன் மயிலையின் கொம்பைப் பிடித்தபடி குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

"இந்த வருசம் ஒரு கொறையும் வைக்கல புள்ள" என்றான்.