வாளித் தக்காளி தாங்கும் கட்டடம்

நான்கு மாடிக் கட்டடம் ஒன்று தக்காளிச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது இது ஒன்பதாவது வருஷம். செடி இருப்பது மேல்மாடித் தையல்காரியின் பால்கனியில், பழைய பெயின்ட் வாளிக்குள். வாளி அவள் புருஷன், பெயின்டர், கொண்டுவந்தது. அடியில் ஓட்டை போடாமல் நட்டு, தண்ணீர் தேங்கி வேர் அழுகி, முதல் இரண்டு செடிகளைச் சாகடித்த பெருமையும் அவரையே சேரும். மூன்றாவதற்கு அவள் அவரை அண்டவிடவில்லை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஐந்து ஓட்டை போட்டாள், தண்டில் பாதியைப் புதைத்து நட்டாள், பக்கத்தில் கழி ஊன்றி, வெட்டி மீந்த துணியை நாடாவாகக் கிழித்து எட்டுப் போட்டுக் கட்டினாள். கழிக்கு ஒரு சுற்று, தண்டுக்கு ஒரு சுற்று, நடுவில் விரல் நுழைய இடம். சட்டைக் கழுத்துக்கு விடுகிற அதே அளவு இடம்தான்.

செடி பூவெடுத்த வாரம் இன்ஜினியர் வந்து மொட்டைமாடியிலிருந்து நூலில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கட்டடம் கிழக்கே நாலு விரல் சாய்ந்திருந்தது. முப்பதாம் தேதி இடிப்பு என்றார். கீழ்வீட்டுக்காரர்கள் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்கள். தையல்காரி இருபத்திரண்டு வருஷம் முதுகொடியத் தைத்து வாங்கிய வீடு அது. அவள் இன்ஜினியரைப் படியில் மறித்தாள்.

"சாஞ்ச செடியை யாராச்சும் பிடுங்கிப் போடுவாங்களா சார்? முட்டுக் குடுத்துக் கட்டுவாங்க."

"எதுலம்மா கட்டுவீங்க?"

அவள் தக்காளியைக் காட்டினாள். இன்ஜினியர் சிரித்தார். பெயின்டரும் கூடச் சிரித்தார்; அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

பன்னிரண்டு மூட்டைத் துண்டுத் துணியைத் தைத்து ஒரே நாடாவாக்கினாள். சுவருக்கு வெள்ளையடிக்கும் தொங்குபலகையில் பெயின்டர் உட்கார்ந்து, நாடாவைக் கட்டடத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். கட்டடத்துக்கு ஒரு சுற்று, தண்டுக்கு ஒரு சுற்று. "இறுக்காதீங்க, விரல் நுழையணும்!" என்று மேலேயிருந்து அவள் கத்தினாள். பிறகு தினமும் காலையில் பக்கக் கிளைகளைக் கிள்ளினாள், இலை நனையாமல் வேரில் தண்ணீர் விட்டாள், செடி வளர வளர முடிச்சை அவிழ்த்து ஒரு சாண் மேலே கட்டினாள். ஐந்தாம் நாள் தண்டு பெயின்டரின் தொடை அளவு பருத்தது. ஒன்பதாம் நாள், வருஷக்கணக்கில் தானாகத் திறந்துகொண்டிருந்த அலமாரிக் கதவுகள் எல்லா மாடியிலும் மூடிக்கொண்டன.

முப்பதாம் தேதி இடிக்கும் வண்டி வாசலில் நிற்க, இன்ஜினியர் குண்டைத் தொங்கவிட்டார். நூல் சுவரோடு ஒட்டி நேராக நின்றது. மூன்று முறை அளந்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார். மாடி மாடியாகக் கைதட்டல் ஏறி வந்தது. தையல்காரி வாய்விட்டுச் சிரித்தாள், கூடவே அழுதாள். கீழே மூட்டைகள் அவிழ்ந்தன.

இப்போதும் வருஷாவருஷம் இன்ஜினியர் வருகிறார், படிவத்தில் 'தூண் பதினாறு, தக்காளி ஒன்று, நிலை நன்று' என்று எழுதிவிட்டு இரண்டு கிலோ பழம் வாங்கிப் போகிறார். போன மாதம் எதிர்க் கட்டடம் இரண்டு விரல் சாய்ந்தது. அந்த வீட்டுக்காரர்கள் நேராக இங்கே வந்து நாற்றுக் கேட்டார்கள். தையல்காரி நல்லதாகப் பார்த்து ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். அவர்கள் படியிறங்கும்போது பெயின்டர் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"வாளிக்கு அடியில ஓட்டை போட மறந்துடாதீங்க!"