வேப்பமரத்து ஆணி

திருமங்கலத்தில் பருத்திக்கொட்டை வியாபாரம் செய்த வெள்ளைத்துரைக்கு, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. பகலெல்லாம் கடையில் பேசித் தொண்டை கட்டின மனுஷன், விடியற்காலையில் லாபமில்லாமலும் பேசுகிறாரே என்று ஊர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

கொழும்பில் பாத்திரக்கடை வைத்திருந்த சற்குணம்தான் அவருடைய ரேடியோக் கூட்டாளி. முகம் பார்க்காத சிநேகம். எண்பத்து மூன்று ஆடியில் அங்கே கடைகள் எரிந்தபோது, சற்குணத்தின் குரல் அழுதுகொண்டு வந்தது.

"ரெண்டு பெட்டைப் பிள்ளையளையும் கப்பல்ல ஏத்தி விட்டா, அங்க பொறுப்பெடுக்க ஆள் இருக்குதோ அண்ணை? இல்லையெண்டா அனுப்பமாட்டன்."

வெள்ளைத்துரையும் அழுதார். ஆனாலும் வியாபாரி வாய்; உடனே சரி என்று வராது. "விசாரிச்சுட்டு நாளைக் காலைல சொல்றேன்" என்றார். அன்றே தூத்துக்குடி போய்க் கப்பல் விவரம் கேட்டுத் திரும்பினார். வீட்டில் மூச்சு விடவில்லை. முடியாத பேரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது கடைப் பழக்கம்.

மறுநாள் ரேடியோப் பெட்டியில் வெறும் இரைச்சல். ஹாம்களில் ஊரையே எழுப்புகிற தொண்டைக்காரர் கோயம்புத்தூர் பொன்னுசாமி. அவர்கூடக் கொசு மாதிரி முனகினார். வெள்ளைத்துரை பெட்டியைப் பிரித்தார், வால்வை மாற்றினார், ஈயம் வைத்துப் பற்றவைத்தார், மறுபடி பிரித்தார். நாள்கள் போயின. கடைசியில் மதுரையிலிருந்து ஹாலாஸ்யத்தை வரவழைத்தார். டெலிபோன் ஆபீஸ்காரர், அவரும் ஹாம்.

ஹாலாஸ்யம் பெட்டியின் பின்னால் ஏரியல் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு முழம் கம்பியைச் சொருகினார். குரல்கள் வந்தன.

"பெட்டி சொக்கத் தங்கம் ஓய். கேபிள்தான் மோசம் பண்றது." மீட்டரை வைத்துப் பார்த்தார். "உள்கம்பியும் மேல்வலையும் எங்கயோ ஒட்டிண்டிருக்கு."

மாடியில் ஏரியல் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. கேபிளைத் தடவிக்கொண்டே இறங்கினார்கள். அது வேப்பமரத்தில் சுற்றியிருந்த மஞ்சள் துணிக்குள் நுழைந்தது. ஆடி மாசத்தில் வேப்பமரத்து மஞ்சள் துணியை யார் சந்தேகப்படுவார்? ஹாலாஸ்யம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதை அவிழ்த்தார்.

உள்ளே காய்ந்த எலுமிச்சம்பழம், கொஞ்சம் மயிர், கேபிளின் நடுவயிற்றில் இறங்கிய நீள ஆணி.

வாசலில் நின்ற மனைவி ஜெயக்கொடி தானாகவே சொன்னாள். "பேயோட்டுற எழுமலைக் கோடாங்கி அடிச்சது. கதவச் சாத்திக்கிட்டு நீங்க அழுகுறீக. உள்ள இன்னொரு ஆம்பள அழுகுறான். பேயின்னு கோடாங்கிகிட்ட ஓடினேன். இந்த வயரு வழியாத்தான் எறங்குதுன்னாரு. நீங்க வெளியூரு போன அன்னைக்கு அடிச்சாரு. அன்னையோட அந்தக் கொரலு நின்னுபோச்சுல்ல?"

"ஒரு ஹாம் ஸ்டேஷனை மூட டில்லிலேர்ந்து கடுதாசி வரணும்" என்றார் ஹாலாஸ்யம். "ஒத்தை ஆணில மூடிட்டானே!"



ஆணியைப் பிடுங்கி, கேபிளை வெட்டி ஒட்டினார்கள். பொன்னுசாமி கணீரென்று வந்தார். "எங்கீங்க போயிட்டீங்க? சற்குணம் தெனமும் உங்களையேதான் கூப்பிட்டாரு. ஆள் இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கன்னு எங்கிட்டயும் கெஞ்சுனாருங்க. முந்தாநாள்ல இருந்து அவரு சத்தமே இல்லீங்க."

வெள்ளைத்துரை மைக்கை இறுகப் பிடித்தார். "அனுப்பச் சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்னு சொல்லுங்க."

"ஆருகிட்டங்க சொல்றது?"

சாயங்காலம் கோடாங்கி தனக்குக் கூலியாகப் பேசின சேவலுக்கு வந்து நின்றான். ஜெயக்கொடி வெளியே வரவில்லை.

"என்ன மொதலாளி, கொரலு நின்னுச்சா இல்லையா?"

"நின்னுபோச்சுப்பா."

சொன்ன வேலையை முடித்தவனுக்குப் பேசினதைக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் கடைப் பழக்கம்தான். வெள்ளைத்துரை தன் கையாலேயே சேவலை அவிழ்த்துக் கொடுத்தார்.

கோடாங்கி அதைத் தூக்கி எடை பார்த்தான். "கொஞ்சம் நோஞ்சானா இருக்கே" என்றான்.