கஞ்சி வைத்தது யார்?

என்னைச் சந்தேகப் பிராணி என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். ரொட்டிக்காரன் சிரித்த முகத்தோடு ரொட்டி கொடுத்தால் அது நேற்றைய ரொட்டி என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் அமலநாதன் சைகோன் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் ஊர் மாதிரியே அதுவும் பிரெஞ்சுக்காரன் ஆளுகிற ஊர், கடல் தாண்டி இருக்கிறது. "மூணே மாசம் அகஸ்டினா, உங்க ரெண்டு பேரையும் கூப்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினார். மூன்று மாதத்துக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று மகள் செலஸ்தீனை நிறுத்தி, நானே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. முதலில் வீடு கிடைக்கவில்லை என்று எழுதினார். பிறகு மழை. பிறகு விலைவாசி. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றுகூட நம்பும்படி இல்லை.

செலஸ்தீனுக்கு இப்போது பத்து வயது. காலையில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவில் போகும்போது ஜன்னலை விட்டு நகரமாட்டாள். "அடுத்த கப்பல்ல போயிடுவோம், அங்க படிப்ப" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி இழுத்து வந்து உட்கார வைப்பேன்.

நானும் கன்னியர் மடத்தில் படித்தவள்தான், பிரெஞ்சு நன்றாக வரும். கணக்கிலும் இலக்கணத்திலும் அவளோடு தொல்லை இல்லை. சரித்திரத்தில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பாடத்தைச் சுருக்கி எழுது என்றால், சிலேட்டில் இடம் தீரும்வரை புத்தகத்தை அப்படியே எழுதி நீட்டுவாள்.

"சட்டியில இருக்கறத அப்படியே தட்டுல கவுத்தா அதுக்குப் பேரு பரிமாறறதாடி?" என்று சிலேட்டை அழித்தேன். "ஒரு பத்தியப் படி. புத்தகத்த மூடு. எதப் பத்திச் சொல்லுதுன்னு ஒரே வார்த்தையா ஓரத்துல எழுது. அதுக்குக் கீழ கொஞ்சம் உள்ள தள்ளி, யாரு, என்ன, ஏன். அவ்ளோதான். புத்தகத்துல இல்லாதத நீயா இட்டுக்கட்டாத. அந்த எடத்துல ஒரு கோடு போட்டு சும்மா உடு."

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், அந்தக் காலத்துப் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் பாடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, துய்ப்ளேக்ஸத் திருப்பிக் கூப்டுக்கிட்டாங்கன்னு இருக்கு. கூப்டது யாருன்னு இல்லியே?"

"கோடு போடு. ஜெயிச்சா ஜெயிச்சவன் பேரு பெரிசா இருக்கும். கழுத்தறுத்தா மட்டும் சும்மா நடந்துச்சும்பானுங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுல இவனுங்கள மிஞ்ச ஆள் கெடயாது. எங்க பேரு இல்லியோ அங்கதான் நீ நின்னு பாக்கணும்."

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மாதா கோயில் சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக்கூட மூன்று தலைப்பில் அடக்கினாள். அதில் இரண்டு கோயில் கூரையைப் பற்றியவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேவதாஸ் அண்ணன் வந்தார். சைகோனில் என் வீட்டுக்காரரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. செலஸ்தீன் சிலேட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போன மழைக்கு அவனுக்கு வெஷக்காய்ச்ச, தங்கச்சி. பொழச்சதே பெரிசு. ஆனா ஒரு கொறையும் இல்ல. வேளாவேளைக்குக் கஞ்சி, ராப்பூரா நெத்தியில ஈரத்துணி. இப்ப நல்ல வீடா பாத்துப் போயிட்டான். வாசல்ல ரெண்டு பக்கமும் பூச்செடி, ஜன்னலுக்குத் திரை, எல்லாம் சுத்தமா இருக்கு. இந்தா, பாப்பாவுக்குக் கவுனு குடுத்தனுப்பியிருக்கான்."

"நாங்க எப்பக் கெளம்பறது அண்ணே?"

"இந்த வருசம் வேணாம்னான். அந்த ஊரு தண்ணி புள்ளைக்கு ஒத்துக்காதாம்."

கவுனை வாங்கிப் பார்த்தேன். பட்டு. கழுத்தைச் சுற்றி நீல நூலில் சின்னச் சின்னப் பூ. உட்பக்கம் திருப்பினேன், ஒரு முடிச்சுகூட வெளியே தெரியவில்லை. கடைத் தையல் இப்படி இருக்காது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. ஊரில் ஒருவரையும் விடாமல் கேள்வி கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

"மாமா, நீங்க மூணு எடத்துல பேரு உட்டுட்டீங்க" என்றாள் செலஸ்தீன்.

அவர் கேட்டதையெல்லாம் சிலேட்டில் எழுதி வைத்திருந்தாள். விரலை வைத்துப் படித்தாள். "காய்ச்ச. கஞ்சி வச்சது யாரு? கோடு. வீடு. பூச்செடி வச்சது யாரு? கோடு. கவுனு. தச்சது யாரு? கோடு. மூணும் ஒரே ஆளா, மாமா?"

தேவதாஸ் அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "பாப்பா நல்லாப் படிக்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் எவ்ளவோ சொன்னேன் தங்கச்சி. அவன் கேக்கல."

"பேரு என்ன?" என்றேன்.

"லான். அந்த ஊருப் பொண்ணு."

"புள்ள?"

"ஆம்பளப் புள்ள ஒண்ணு." காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "நடக்க ஆரம்பிச்சிட்டான்."

நான் நினைத்தது சரி என்று ஆகிவிட்டால் ஒரு திருப்தியாவது வரும் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். வரவில்லை. சந்தேகம் சந்தேகமாக இருந்தவரை, அது பொய்யாகவும் இருக்கலாம் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. அதுவும் போயிற்று. அந்த மனுஷன்மேல் கொதிகொதியென்று கோபம் வந்தது. அந்த லான்மேலும் வந்தது. அவள் கஞ்சி வைக்காமலிருந்தால் அவர் செத்திருப்பார் என்ற நினைப்பும் கூடவே வந்து தொலைத்தது.

தேவதாஸ் அண்ணன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். செலஸ்தீன் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா எழுதிட்டேனாம்மா?"

"இல்லடி. சரியாத்தான் எழுதியிருக்க."

"நாம எப்பப் போவோம்னு மாமா சொல்லவே இல்ல."

"போவல. நாளைக்கு உன்னப் பள்ளிக்கூடத்துல சேத்துடறேன்."

மூன்று வருடமாக ஜன்னலில் நின்று அவள் கேட்டது அதைத்தான். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை.

"இங்கியா?" என்றாள்.

"இங்கியேதான்" என்றேன்.